மலைச்சரக்கும் மருந்துத்துணியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஆண்டாள் கோயிலின் நெடிய கோபுரமும், 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவும் மனத்தில் எழுவதும், ராஜபாளையம் என்றவுடன் நூல் மில்களும் வெள்ளை வேட்டை நாயும் சப்பட்டை மாம்பழமும் பேச்சில் வந்து சேர்வதும் தமிழ்நாட்டார்க்கு வெகுகாலமாகப் பழகிப்போனவை. இந்தப் பிரசித்திகளின் வரிசையில் மருந்தை எவரும் சேர்ப்பதில்லை. ஆயினும், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அரைமணி நேரத்தில் போய்ச் சேரத்தக்க தூரத்தில் இருக்கும் இவ்விரு ஊர்களிலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், மருந்தைச் சேகரிப்பது, இனம் காண்பது, இடிப்பது, நிறுப்பது, கலப்பது, புண்ணைக் கட்டத் துணி நெய்வது ஆகிய வேலைகளாலேயே ஜீவனம் நடத்திய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கின்றன. இன்று பார்மசி கல்லூரியில் கால் வைக்கும் மாணவனும் மாணவியும், பட்டம் கைக்கு வந்தபின் உத்தியோகம் கிடைக்குமா, அதற்கு எந்தெந்தத் திறமைகளைச் சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்று கவலையுறும்போது, அந்தக் குடும்பங்கள் தொழில் கற்ற விதத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, சென்னையிலிருந்து வந்து சொற்பொழிவாற்றும் பயிற்சியாளரின் அறிவுரையைக் காட்டிலும் பிரயோஜனம் தரும் என்பது என் அபிப்பிராயம்.

மலையிலிருந்தே தொடங்க வேண்டும். வத்திராயிருப்புக்கு மேற்கே தாணிப்பாறை வழியாக ஏறும் சதுரகிரியைச் சித்தர்கள் வாழ்ந்த மலையென்றும், அங்கே முளைப்பனவெல்லாம் மூலிகையென்றும் நம்பி, ஆடி அமாவாசையன்று ஜனங்கள் திரள் திரளாக ஏறுகிறார்கள். ராஜபாளையத்தை ஒட்டி நிற்கும் குன்றுக்குச் சஞ்சீவி மலை என்று பெயர். அனுமன் தூக்கிச் சென்ற மருந்து மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டு அது என்று ஊரார் கதை சொல்கிறார்கள். அக்கதையின் சத்தியாசத்தியத்தை ஆராய்வது இங்கே நம் வேலையன்று. கரிசல் மண்ணை உழுது பருத்தி விதைத்த ஜனங்கள், தங்கள் வாசலில் நின்ற குன்றுக்கு மருந்தின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். மலையைப் பற்றிய மெய்யான ஞானம் பக்தர்களிடமோ பண்டிதர்களிடமோ இருந்ததைவிட, அம்மலைகளிலேயே வாழ்ந்த பளியர்களிடம் மிகுதியாக இருந்தது. தேனையும், கடுக்காயையும், நெல்லியையும், நன்னாரி வேரையும் கீழே இறக்கிக் கொடுத்த அந்த மக்கள், எந்த வேரைப் பூக்கும் முன் தோண்ட வேண்டும், எந்தப் பட்டையை மழைக்குப் பின் உரிக்கலாகாது, எந்தக் கிழங்கில் பாதியை மண்ணிலேயே விட்டு வந்தால் அடுத்த வருஷமும் கிடைக்கும் என்பனவற்றை எழுத்தின் துணையின்றி அறிந்திருந்தார்கள். இன்று மருந்துத் தாவரவியல் என்ற பெயரில் கல்லூரியில் கற்பிக்கப்படும் சாஸ்திரத்தின் செய்முறைப் பகுதியில் கணிசமான பாகம் அதுவே. அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தவர் ஒருவருமில்லை. கொடுக்க வேண்டுமென்று நினைத்தவரும் குறைவு. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கெனச் சரணாலயம் அமைந்தது; 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வனத்தைக் காக்கும் பொருட்டு எழுந்த இந்த ஏற்பாடுகள் அவசியமானவையே என்றாலும், மலைக்கும் கடைத்தெருவுக்கும் இடையே இருந்த பழைய போக்குவரத்து அவற்றால் சுருங்கிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மலையிலிருந்து இறங்கிய சரக்கு வந்து சேர்ந்த இடம் நாட்டு மருந்துக் கடை. தென்பாண்டி நாட்டுக் கடைத்தெருக்களில் அக்கடைக்கு முன் நின்றால் வசம்பும் சுக்கும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாசனை ஆளை நிறுத்தும். அடுக்கடுக்காய்ச் சிறு இழுப்பறைகள், சாக்கு மூட்டைகள், பித்தளைத் தராசு, கல்வம், இரும்பு உரல், கட்டுவதற்குப் பழைய காகிதம், சணல் நூல் ஆகிய இவையே அந்தப் பாடசாலையின் உபகரணங்கள். அங்கே வேலைக்கு அமர்ந்த பையன் முதலில் கற்பது பொட்டலம் மடிப்பது. அதற்கப்பால் சரக்கின் முகம் பார்ப்பது. அரிசித் திப்பிலியையும் ஆனைத் திப்பிலியையும், சித்தரத்தையையும் பேரரத்தையையும், நன்னாரியையும் நன்னாரி போலத் தோன்றும் வேறு வேர்களையும் கண்ணால் பார்த்து, நகத்தால் கீறி, மோந்து, நாக்கு நுனியில் வைத்துப் பிரித்தறிய அவனுக்கு வருஷக்கணக்கில் ஆகும். இழுப்பறைகளின் மேல் பெயர் எழுதியிராது. எழுதியிருந்தாலும் முதலாளி அதை நம்பி எடுக்க விடமாட்டார். பிழையாக எடுத்த பையனின் காதைத் திருகியவர், சரியாக எடுத்தவனைப் புகழ்ந்ததாகச் சரித்திரமில்லை.

நிறுப்பது அடுத்த படி. குன்றிமணி, வராகனெடை, பலம் என்று ஏறிச் செல்லும் அந்த நிறையளவையில், பலம் என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 35 கிராம். வராகனெடையோ 4 கிராமுக்குச் சற்று மேல். சூரணத்துக்குரிய கடுக்காயைப் பலத்தில் நிறுத்த கை, அடுத்த கணமே விஷச் சரக்கைக் குன்றிமணி எடையில் நிறுக்க வேண்டியிருந்தது. இங்கேதான் தொழிலின் ஆபத்தான பகுதி வருகிறது. சேங்கொட்டையும் நேர்வாளமும் சித்த வைத்தியத்தில் மருந்தே. ஆனால் சுத்தி செய்யாமல் கொடுத்தால், முன்னது உடம்பெல்லாம் கொப்பளிக்கச் செய்யும், பின்னது நிற்காத பேதியில் ஆளைக் கிடத்தும். ஆகையால், இன்ன சரக்கை இன்னாரிடம் கொடுக்கலாம், இன்னாரிடம் வைத்தியர் சீட்டு இல்லாமல் கொடுக்கலாகாது என்னும் விவேகம் கடைப்பையனுக்கு வந்தாக வேண்டும். வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்து, யாருக்கு, எதற்கு, வயது என்ன, பிள்ளை உண்டாகியிருக்கிறாளா என்று பக்குவமாக விசாரித்து, சந்தேகம் தோன்றினால் "சரக்கு இருப்பில்லை, அண்ணாச்சி, வைத்தியரைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று மனம் நோகாமல் திருப்பி அனுப்புகிற சாமர்த்தியம் அந்தக் கடைகளில் இருந்தது. இன்றைய பார்மசி பாடத்திட்டத்தில் நோயாளிக்கு ஆலோசனை கூறுதல் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்த அத்தியாயத்தை எழுதியவர்கள் நாட்டு மருந்துக் கடையில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் அது இன்னும் சற்று உயிரோடிருக்கும்.

இப்பழைய கல்விமுறையை அளவுக்கு மிஞ்சிப் புகழ்வதும் தவறு. அங்கே நுழைவு பெரும்பாலும் உறவாலும் சாதியாலும் நிர்ணயிக்கப்பட்டது. பெண்கள் வீட்டுக்குள் அமர்ந்து இடித்தார்கள், சலித்தார்கள், கடைப் பலகையில் அமரவில்லை. தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்காமலே செத்துப்போன வைத்தியர்களும் உண்டு. 1964-ஆம் ஆண்டில் மருந்துச் சட்டம் திருத்தப்பட்டு, ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளும் அதன் ஆளுகைக்குள் வந்தன. அவ்வாண்டிலேயே தமிழக அரசின் சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில் ஆரம்பமாயிற்று. வாயில் இருந்த வித்தை அன்றுமுதல் காகிதத்துக்கு வரத் தொடங்கிற்று.

இனி இங்கிலீஷ் மருந்தின் கதை. 1927-இல் விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் ஓடத் தொடங்கியபின், மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் மருந்துப் பெட்டிகள் வந்திறங்குவது எளிதாயிற்று. அக்காலத்து ஆஸ்பத்திரிகளில் டாக்டருக்கு அடுத்த ஸ்தானம் கம்பவுண்டருக்கு. ஜனங்களின் மதிப்பிலோ சில சமயம் டாக்டருக்கும் முந்திய ஸ்தானம். டாக்டர் மாற்றலாகிப் போவார், கம்பவுண்டர் ஊரிலேயே இருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் வீட்டிலிருந்தே குப்பியைக் கழுவி எடுத்துப் போக வேண்டும். மரத் தடுப்புக்குப் பின்னாலிருந்து கம்பவுண்டர் அந்தக் குப்பியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அழுக்காயிருந்தால் திட்டி, மிக்சரை ஊற்றி, எத்தனை வேளைக்கு என்பதைக் காட்டப் பல் பல்லாய்க் கத்தரித்த காகிதத் துண்டைக் குப்பியின் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார். எழுத்தறியாத கிழவியும் ஒவ்வொரு பல்லாகக் கீழிறங்கி வேளை தவறாமல் மருந்து குடித்தாள். மருந்துக் குப்பியின் மேல் ஒட்டப்பட்ட சீட்டுகளில் இதைவிடத் தெளிவான சீட்டை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

கம்பவுண்டரின் வித்தை எளிதானதன்று. கிரெயின், டிராம், அவுன்ஸ், மினிம் என்ற அளவைகள் அவர் நாவில் இருக்க வேண்டும். டாக்டர் கிறுக்கிய லத்தீன் சுருக்கெழுத்தில் 'டி.டி.எஸ்.' என்றால் தினம் மூன்று வேளை என்று கண்டுகொள்ள வேண்டும். எது எதனோடு சேர்ந்தால் அடியில் படியும், எது குப்பிக்குள்ளேயே பொங்கிக் கார்க்கைத் தள்ளிவிடும், குழந்தைக்கு அளவை எப்படிக் குறைப்பது என்பனவற்றைக் கையே அறிந்திருக்க வேண்டும். மலையடிவாரத்துக் காய்ச்சலுக்குக் கொயினாவைக் கலக்குகிறவர், அதன் கசப்பை மறைக்கும் உபாயத்தையும் தெரிந்திருப்பார். நாற்பது ஐம்பது குப்பிகள் வரிசையில் நிற்கையில் அவசரப்படாமலிருக்கும் மனப்பக்குவம் எல்லாவற்றையும்விட முக்கியம். இவ்வளவையும் அவர் கற்றது, மூத்த கம்பவுண்டரின் பக்கத்தில் நின்று, அளவுக் குவளையைக் கழுவிக் கொடுத்துத்தான். அவ்வாறு கற்றவருள் தேர்ந்தவரும் உண்டு, தன்னை டாக்டராகவே பாவித்துக்கொண்டு ஊசி போட்டு ஊரைக் கெடுத்தவரும் உண்டு. இரு சாராரையும் பிரித்துக் காட்ட அக்காலத்தில் ஓர் அடையாளமும் இருக்கவில்லை.

அந்த அடையாளம் எப்படி வந்தது என்பது தேசத்தின் கதை. நம் ஊர்களைத் தொடும் அளவில் அதைச் சொல்கிறேன். கொயினா முதலிய மருந்துகளில் கலப்படம் மலிந்துவிட்டது என்ற முறையீடு பலத்ததால், 1930-இல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் கமிட்டியை அரசாங்கம் நியமித்தது. மறு வருஷம் வெளிவந்த அதன் அறிக்கை, மருந்தின் தரத்துக்குச் சட்டம் வேண்டும், மருந்து கலப்பவரின் கல்விக்கும் பதிவுக்கும் சட்டம் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கேட்டது. முதற் கோரிக்கை 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டமாகவும் 1945-ஆம் ஆண்டு விதிகளாகவும் நிறைவேறிற்று; இரண்டாவதோ 1948 வரை காத்திருந்து பார்மசி சட்டமாயிற்று. இதற்கிடையே, சட்டத்துக்குக் காத்திராமல், காசி ஹிந்து சர்வகலாசாலையில் மகாதேவ லால் ஷ்ராஃப் என்பவரின் விடாமுயற்சியால் 1932-இல் மருந்து ரசாயனம் பாடமாகப் புகுந்து, 1937-இல் பி.பார்ம். என்னும் பட்டப்படிப்பாக வளர்ந்துவிட்டது. பார்மசி கவுன்சில் 1949-இல் அமைந்து, 1953-இல் முதற் கல்வி விதிகளை வெளியிட்டது.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம் கதைக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. மருந்தாளுநரைப் பதிவு செய்யும் பகுதி எந்நாள் முதல் அமலுக்கு வரும் என்பதை அந்தந்த மாகாண அரசே அறிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் விட்டது. அந்த வருஷங்களில், அதாவது 1949 முதல் 1952 வரை, சென்னை மாகாணத்தின் பிரதமராகவும் பின்னர் முதலமைச்சராகவும் இருந்தவர் ராஜபாளையத்தில் பிறந்த பி.எஸ். குமாரசாமி ராஜா. தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்து, காந்தி கலை மன்றம் அமையச் செய்த அவருடைய வாழ்க்கையை வேறோரிடத்தில் விரித்தெழுதலாம். இரண்டாவது விஷயம் கம்பவுண்டர்களைப் பற்றியது. பட்டமும் டிப்ளமாவும் இல்லாவிடினும், ஆஸ்பத்திரியிலோ மருந்தகத்திலோ ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் மருந்து கலந்தவரை முதற் பதிவேட்டில் சேர்க்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. கையால் கற்ற வித்தையை ராஜாங்கம் ஒருமுறையேனும் பட்டத்துக்குச் சமமாக ஒப்புக்கொண்ட தருணம் அது. அதற்குப் பின் அக்கதவு அடைபட்டுப் போயிற்று; அடைத்தது நியாயமே.

பதிவேடு வந்ததும் அதன் நிழலாக ஒரு தீமையும் வந்தது. பதிவு பெற்றவர் முன்னிலையில்தான் மருந்து கொடுக்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்ல, சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டிவிட்டு, சான்றிதழுக்கு உரியவர் வேறெங்கோ வேறு வேலை பார்க்கும் வழக்கம் நாடெங்கும் பரவிற்று. மாதம் ஒரு தொகைக்குப் பெயரை வாடகைக்கு விடுகிற இந்த ஏற்பாட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், எவரும் உரக்கப் பேசுவதில்லை. தொழிலைக் கற்று, பட்டத்தையும் பெற்று, அதைச் சுவரில் தொங்கவிட்டுப் பிழைப்பவருக்கு எந்தத் திறமைப் பயிற்சி கொடுத்தும் பயனில்லை.

இதுவரை சொன்னவை பிற ஊர்களுக்கும் ஓரளவு பொருந்தும். ராஜபாளையத்துக்கே உரிய பகுதி இனிமேல்தான் வருகிறது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா, ஊராரிடம் பங்குப் பணம் திரட்டி ராஜபாளையம் மில்லை நிறுவியபின், கரிசலில் விளைந்த பருத்தி அவ்வூரிலேயே நூலாகத் தொடங்கிற்று. மில்லுக்குப் பின் மில்லாக எழுந்து நூல் பெருகிற்று. ஊருக்குக் கிழக்கேயுள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யங்கொல்லங்கொண்டான் முதலிய ஊர்களில் தறிகள் இருந்தன. அத்தறிகள் காலப்போக்கில் மற்றத் துணிகளைக் காட்டிலும் ஒரு குறிப்பிட்ட துணியிலேயே ஊன்றின. அது கட்டுத்துணி, அங்கத்தியர் பேச்சில் பேண்டேஜ் துணி. இன்று அத்தெருக்களில் நடந்தால் விசைத்தறியின் தடதடப்பு காதை விட்டு அகலாது. வீடுதோறும் வெண்மையான, சல்லடை போன்ற துணி சுருள் சுருளாகக் கிடக்கும். உள்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும், கப்பலேறி அயல்நாடுகளுக்கும் அத்துணி போகிறது. புடைவைக்குக் காஞ்சிபுரம், லுங்கிக்கு வேலூர்ப் பக்கம் என்று தெரிந்து வைத்திருக்கும் தமிழர், தம் காயத்தைச் சுற்றும் துணி எங்கே நெய்யப்படுகிறது என்று கேட்டதேயில்லை.

கட்டுத்துணியை வெறும் துணி என்று நினைப்பவருக்கு அதன் சாஸ்திரம் வியப்பளிக்கும். பருத்தியின் இழை இயற்கையிலேயே மெழுகு பூசியது. அதனால் தண்ணீரை ஏற்காது. பஞ்சு ரத்தத்தை உறிஞ்ச வேண்டுமானால் அந்த மெழுகை நீக்க வேண்டும். 1880-இல் பர்மிங்ஹாமில் ஜோசப் சாம்ப்ஸன் காம்ஜி என்னும் ரண வைத்தியர், மெழுகு நீக்கிய பஞ்சை மெல்லிய வலைத்துணிக்குள் பொதிந்து புண்ணின் மேல் வைக்கக் கண்டதிலிருந்துதான் இன்றைய கட்டுத் தொழிலின் நவீன பாகம் தொடங்குகிறது. நெசவாளிக்கும் மருந்தாளுநருக்கும் இவ்விடத்தில் ஒரு சிறு வழக்கு உண்டு. பாவு அறுந்துபோகாமலிருக்க நெசவாளி அதற்குக் கஞ்சி ஏற்றியே தீர வேண்டும். அந்தக் கஞ்சியில் ஒரு துளியும் மிஞ்சியிருக்கலாகாது என்று மருந்து விதி கூறும். ஆகவே, நெய்த காடாத்துணியைக் கஞ்சி நீக்கி, காரச் சோடா கலந்த நீரில் அழுத்தத்தோடு வேகவைத்து, மெழுகும் கொழுப்பும் போக்கி, வெளுத்து, காரமும் அமிலமும் தங்காதபடி பலமுறை அலசி உலர்த்துகிறார்கள். அதன்பின் பரிசோதனை. துணியைக் கொதிக்க வைத்த நீரில் அயோடின் சொட்டு விட்டு, நீலம் காட்டினால் கஞ்சி மிஞ்சியிருக்கிறது என்று அறியலாம். உறிஞ்சும் பஞ்சை நீரின் மேல் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். புற ஊதா விளக்கின்கீழ்ப் பளிச்சென்று நீல ஒளி வீசினால், வெண்மையைக் கூட்டிக் காட்டும் ரசாயனத்தை யாரோ சேர்த்திருக்கிறார்கள். பாவிழை எத்தனை, ஊடிழை எத்தனை, சதுர மீட்டருக்கு நிறை எவ்வளவு என்று எண்ணியும் நிறுத்தும் எழுத வேண்டும். 1945-ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணைகளுள் 'எஃப்-2' என்னும் பெயருடையது முழுக்க முழுக்கக் கட்டுத்துணிகளின் தரத்தைச் சொல்வதற்கே ஏற்பட்டது. 2018 ஜனவரி முதல், 2017-ஆம் ஆண்டு மருத்துவ உபகரண விதிகளின்கீழ் அத்துணிகள் உபகரணம் என்னும் வகுப்புக்கு மாற்றப்பட்டன; பரிசோதனையும் பதிவேடும் குறையவில்லை, கூடின.

இத்தொழில் மருந்துச் சட்டத்துக்குள் வந்தபோது சத்திரப்பட்டிக்கு நேர்ந்த மாறுதலே, என் பார்வையில், இந்த வரலாற்றின் மையம். பாவு ஓட்டுவதும் தறி நிறுத்தாமல் அறுந்த இழையை முடிவதும் அங்கே பிறந்த பிள்ளைக்கு இயல்பாக வரும். ஆனால் உரிமம் கேட்ட அதிகாரி, இந்தச் சுருள் எந்த நூலில் எந்நாள் நெய்யப்பட்டது, எந்தத் தொகுதியோடு வெளுக்கப்பட்டது, பரிசோதித்தவர் யார், அவர் கையெழுத்து எங்கே என்று கேட்கிறார். எழுதி வைக்காத வேலை செய்யாத வேலையே என்பது மருந்துத் தொழிற்சாலைகளின் கட்டளை. கையில் வித்தை உள்ளவன் அவ்வித்தையைப் பிறர் சரிபார்க்கத் தக்கவாறு காகிதத்தில் இறக்கத் தெரிந்தவனாகவும் ஆக வேண்டியதாயிற்று. கடைப்பையனிடமும் கம்பவுண்டரிடமும் கேட்கப்படாத இந்த ஒன்றே நவீன உத்தியோகத்தின் நுழைவுக் கட்டணம். நல்ல வேலைக்காரர் பலர் இங்கேதான் பின்தங்கினார்கள். பட்டதாரி இங்கேதான் தேவைப்பட்டான்.

தேவைப்பட்டவனை உண்டாக்கும் கல்விச்சாலைகளும் மெல்ல வந்தன. ராஜபாளையத்தில் 1963-இல் ராமசாமி ராஜா பெயரால் பாலிடெக்னிக் ஏற்பட்டது. சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவரும் கல்விவள்ளல் என்று ஊரார் அழைத்தவருமான தி. கலசலிங்கம் 1984-இல் கிருஷ்ணன்கோயிலில் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை செல்லும் பாதையில், மலையைப் பார்த்தபடி அமைந்த அந்த வளாகத்தை ஒட்டி அருள்மிகு கலசலிங்கம் பார்மசி கல்லூரியும் எழுந்தது. பீடி சுற்றியவர், தீப்பெட்டி ஒட்டியவர், தறி நெய்தவர் வீட்டுப் பெண்கள் வெண்ணிற மேலங்கி அணிந்து ஆய்வுச்சாலையில் நிற்கிற காட்சி இந்தப் பிராந்தியத்துக்குப் புதிது. பழைய கடைப் பலகை அவர்களுக்கு ஒருபோதும் கொடுத்திராத இடம் அது.

பாடத்திட்டத்தைப் புரட்டினால், பழைய தொழிற்கல்வியின் சாயல்கள் அதில் தெரியாமலில்லை. 1991-ஆம் ஆண்டு விதிகள் டிப்ளமா மாணவருக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரம் மருந்தகத்தில் செய்முறைப் பயிற்சி வேண்டுமென்றன. 2014-ஆம் ஆண்டுப் பட்டப்படிப்பு விதிகளின் வழி வந்த பாடத்திட்டம், தொழிற்சாலையிலோ ஆஸ்பத்திரியிலோ 150 மணி நேரப் பயிற்சியையும், முதற் பருவத்திலேயே பேச்சுத் திறன் என்னும் தனிப் பாடத்தையும் வைத்தது. தயாரிப்பை மேற்பார்வையிட மருந்தியல் பட்டதாரிக்குப் பட்டத்துக்குப் பின்னும் 18 மாத அனுபவம் வேண்டும் என்று மருந்து விதிகள் கூறுகின்றன. வகுப்பறை மட்டும் ஒருவனை மருந்தாளுநன் ஆக்கிவிடாது என்பதைச் சட்டமே இவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்க, பயிற்சி மணி நேரத்தைக் கையெழுத்தளவில் முடித்துக்கொள்கிற மாணவரும், கையெழுத்திட்டுக் கொடுக்கிற கடைக்காரரும் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. நேர்முகத் தேர்வில் அமரும் அதிகாரி மூன்றாவது கேள்வியிலேயே அதைக் கண்டுகொள்வார்.

பயிற்சிக்கென்று மாணவர் சென்னைக்கும் ஓசூருக்கும் ஹைதராபாதுக்கும் போகிறார்கள், போகட்டும். மாத்திரை அச்சிடும் பெரிய யந்திரங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் மூலப்பொருளிலிருந்து முத்திரையிட்ட பொதி வரை ஒரு மருத்துவப் பொருளின் முழுப் பயணத்தையும் ஒரே நாளில் நடந்தே பார்க்கக்கூடிய இடம், கல்லூரியிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. கட்டுத்துணியையும் மருந்தாளுநரின் பொருளாக ஏற்க மாணவர் மனம் கூசுகிறது; சட்டத்துக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை. சிறு வெளுப்புச்சாலை முதலாளிக்கோ, புதிய உபகரண விதிகளை வாசித்து, பதிவேடுகளைச் செம்மையாக அமைத்து, அயல்நாட்டு வியாபாரியின் கடிதத்துக்கு விடை எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஒருவராகத் தன்னைத் தயார் செய்துகொள்ளும் மாணவி, கிருஷ்ணன்கோயிலில் படித்து ராஜபாளையத்திலேயே கௌரவமாக வாழலாம். நூலின் இலக்கம் தெரிந்த நெசவாளியிடம் பாவு பார்க்கக் கற்று, அவருக்கு அயோடின் பரிசோதனையைச் சொல்லிக் கொடுக்கும் மாணவனுக்கு, குழுவாக வேலை செய்வது எப்படி என்று தனியே வகுப்பு நடத்த வேண்டியிராது.

இந்த வரலாற்றின் ஆதாரங்கள் வேகமாக அழிந்து வருகின்றன. பழைய கம்பவுண்டர்கள் மிக்சர் கணக்குகளை எழுதி வைத்த குறிப்பேடுகள், நாட்டு மருந்துக் கடைகளின் கொள்முதல் புத்தகங்கள், தறிக்காரர் வீடுகளில் கிடக்கும் முதற்கால உரிமக் காகிதங்கள் ஆகியவற்றில் எவையேனும் உங்கள் வீட்டுப் பரணில் இருக்குமானால், வாசகரே, அவற்றைப் பழைய காகிதம் வாங்குகிறவருக்கு எடைக்குப் போட்டுவிடாமல், அருகிலுள்ள மருந்தியல் கல்லூரியின் நூலகத்திலோ, ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உள்ள பொது நூலகத்திலோ கொண்டுபோய்ச் சேர்ப்பியுங்கள்.